ஷா டவ் கொக்: இன்னும் 250 மீட்டர் பாக்கி

வடக்குக்கரை எழுதியது:

ஹாங்காங்குக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஷியுங் ஷுய் ரயில் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் 78கே பஸ்ஸைப் பார்ப்பேன். நெற்றியில் 'ஷா டவ் கொக்' என்று போட்டிருக்கும். ஹாங்காங்கின் வடக்கு ஓரத்தில், சீன எல்லையை ஒட்டிய ஊர். ஏறலாம், ஆனால் கடைசி வரை போக முடியாது. கடைசி நிறுத்தம் எல்லைத் தடைப்பகுதிக்குள் இருக்கிறது. போலீஸ் கொடுத்த பெர்மிட் இல்லாதவர்கள் அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

போன சனிக்கிழமை முதல்முறையாகக் கடைசி வரை போனேன். 2024 ஜனவரி 1 முதல் தனி ஆட்களும் ஆன்லைனில் விண்ணப்பித்துச் சுற்றுலா பெர்மிட் வாங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நாளொன்றுக்குத் தனி ஆட்கள் 300 பேர், குழுவாக வருபவர்கள் 700 பேர் என்று கணக்கு வைத்துத் தொடங்கினார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் பெர்மிட்டையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார், என் மகளைப் பார்த்துச் சிரித்தார், உள்ளே விட்டுவிட்டார். எழுபது வருடக் கெடுபிடியை மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உள்ளே பார்த்தால் சின்ன ஊர். நாலைந்து மாடிக் குடியிருப்புகள், காயப்போட்ட மீன், மரத்தடியில் சீட்டு ஆடும் பெரியவர்கள். ஹாங்காங்கில் இவ்வளவு வானம் தெரிகிற தெருவை நான் பார்த்ததில்லை. கடலுக்குள் நீளமாக ஒரு படகுத்துறை, 280 மீட்டர். ஹாங்காங்கிலேயே நீளமானது அதுதானாம். அதன் நுனியில் நின்று பார்த்தால் எதிரே யான்டியன் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. திரும்பினால் ஊருக்குப் பின்னால் சீனாவின் ஷென்சென் நகரத்து அடுக்குமாடிகள், ஏதோ ஊரின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பது போல.

ஆனால் நான் பார்க்கப் போனது ச்சுங் யிங் தெருவை. பெயரே 'சீன-ஆங்கிலேயத் தெரு'. சுமார் 250 மீட்டர் நீளம், மூன்று நாலு மீட்டர் அகலம். நடுவில் எல்லைக்கோடு. ஒரு பக்கக் கடை ஹாங்காங், எதிர்ப்பக்கக் கடை ஷென்சென். சுற்றுலா பெர்மிட்டில் ஊர் முழுக்கச் சுற்றலாம், அந்தத் தெருவுக்குள் மட்டும் போக முடியாது. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஒரே நாடாகி இத்தனை வருடம் கழித்தும் ஒரு சந்துக்கு ஏன் இவ்வளவு காவல்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நண்டுவறுவல் எழுதியது:

வானம், கிரேன் எல்லாம் சரி. என்ன சாப்பிட்டீர்கள்?

தாத்தாவின்பேனா எழுதியது:

வடக்குக்கரை, உங்கள் கேள்விக்குப் பதில் 1899-க்குப் போனால்தான் கிடைக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1898 ஜூன் 9 அன்று பெய்ஜிங்கில் போட்ட ஒப்பந்தப்படி ஹாங்காங்கின் வடபகுதியான நியூ டெரிட்டரீஸ் 99 வருடக் குத்தகைக்குப் பிரிட்டனுக்குப் போனது. தாளில் கோடு போட்டாயிற்று, தரையில் போட வேண்டுமே. மறுவருடம் மார்ச்சில் பிரிட்டன் தரப்பில் ஸ்டூவர்ட் லாக்ஹார்ட்டும் சீனத் தரப்பில் வாங் சுன்ஷானும் இடத்துக்கு வந்து அளந்தார்கள். மேற்கே கோட்டுக்கு ஷென்சென் ஆறு கிடைத்தது. ஷா டவ் கொக்கில் அப்படி ஆறு ஏதும் இல்லை. வறண்டு கிடந்த ஒரு ஓடைப் படுகை இருந்தது, அதையே எல்லையாக்கி மரக்கம்பங்களை நட்டார்கள். 1905-ல் கம்பங்களை எடுத்துவிட்டுக் கற்களை வைத்தார்கள். ஒரு முகத்தில் சீன எழுத்து, பேரரசர் குவாங்ஷு ஆட்சியின் 24-ம் ஆண்டு என்று. மறுமுகத்தில் ஆங்கிலத்தில் 1898. கல்லை நட்டதோ ஏழு வருடம் கழித்து!

அந்த ஓடைப் படுகைதான் பிற்பாடு ச்சுங் யிங் தெரு ஆனது. தண்ணீர் வராத ஓடை, இரண்டு கரையிலும் கடை போட்டார்கள், நடுவில் மிச்சமானது தெரு. தெருவைப் பார்த்து யாரும் எல்லை போடவில்லை, எல்லை மேல்தான் தெரு வந்து உட்கார்ந்தது.

இன்னொன்று. அங்கே அதற்கு முன்பே துங் வோ என்ற சந்தை இருந்தது. சுற்றியிருந்த ஹக்கா (தனி மொழி பேசும் ஒரு சீனச் சமூகம்) கிராமங்கள் பத்துக் கூட்டணிகளாகச் சேர்ந்து 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் நடத்தத் தொடங்கிய சந்தை. கோடு போட்டபோது சந்தை சீனப் பக்கம் விழுந்தது, சந்தையை நம்பிய கிராமங்களில் பல பிரிட்டிஷ் பக்கம் விழுந்தன. காய் விற்க வெளிநாடு, கூரைக்கு ஓடு வாங்க வெளிநாடு. ஆனால் 1949 வரை அது வெறும் சொல்தான். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரயில்பித்து எழுதியது:

ஆகா, ஷா டவ் கொக் என்றதும் ஓடி வந்தேன். இந்த ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது தெரியுமா?

கௌலூன்-கான்டன் ரயில்பாதையின் பிரிட்டிஷ் பகுதி 1910 அக்டோபரில் திறந்தது. பாதை போடும்போது சாமான் இழுக்க வைத்திருந்த இரண்டடி அகலக் குட்டித் தண்டவாளம் வேலை முடிந்ததும் சும்மா கிடந்தது. அதை வைத்து ஃபான்லிங்கிலிருந்து ஷா டவ் கொக்குக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். 1911 டிசம்பரில் ஷெக் சுங் அவ் வரை ஓடியது, 1912-ல் ஷா டவ் கொக்கை எட்டியது. பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, போய்ச் சேர ஒரு மணி நேரம். நம் ஊட்டி ரயிலே பரவாயில்லை என்று தோன்றும்.

1927-ல் கார் போகிற சாலை வந்தது. பஸ் வேகமாகப் போனது, ரயில் போகவில்லை. 1928 ஏப்ரல் 1 அன்று மூடிவிட்டார்கள். அதில் ஓடிய பேக்னல் எஞ்சின் இரண்டை விற்றார்கள், அவை கடைசியில் பிலிப்பைன்ஸில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை 1995-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது தாய் போ ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போன வருடம் அதைத் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது என்று பலகை இருந்ததாக மனைவி சொல்கிறாள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

ரயில் கதை இனிமை. கேள்விக்கு வருவோம். தடைப்பகுதி 1898-லேயே வந்ததா?

தாத்தாவின்பேனா எழுதியது:

இல்லை. 1951-ல். சீனாவில் ஆட்சி மாறி இரண்டு வருடம், கொரியாவில் போர் நடக்கிறது, சீனாவுக்குச் சரக்கு அனுப்ப ஐ.நா. தடை. கள்ளக் கடத்தல், அகதிகள், உளவாளிகள் எல்லோரையும் ஒரே வலையில் நிறுத்த எல்லையோரம் ஒரு பட்டையை மூடினார்கள். பிற்பாடு அது சுமார் 2,800 ஹெக்டேர் வரை இருந்தது. உள்ளே குடியிருப்பவர்களுக்குச் சீட்டு, உறவினர்களுக்கு விண்ணப்பம், மற்றவர்களுக்குக் கதவு. இரவில் ஊரடங்கும் உண்டு, அது 1994-ல்தான் போனது.

மற்ற இடங்களில் வேலி போட்டார்கள். ச்சுங் யிங் தெருவில் எப்படிப் போடுவது? நடுத்தெருவில் வேலி வைத்தால் கடைக்காரர் கதவைத் திறக்க முடியாது. அதனால் தெருவைத் திறந்தே விட்டு, தெருவுக்குப் போகிற வழியை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். வடக்குக்கரை, உங்கள் கேள்விக்கான விடை பாதி இதில் இருக்கிறது. அந்தச் சந்துக்குள் கால் வைத்துவிட்டால் அப்புறம் குடியேற்றச் சோதனை, சுங்கம் ஒன்றும் இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த ஆட்சிப்பகுதி. 1997-க்குப் பிறகு நாடு ஒன்றுதான், ஆனால் சுங்கம் வேறு, விசா வேறு, பணம் வேறு, சட்டம் வேறு. சோதனைச் சாவடி வைக்க இடமே இல்லாத எல்லை அது.

பழைய_பர்மிட் எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 1987-ல் ஹாங்காங் வந்தேன். சிம் ஷா சூயியில் துணி ஏற்றுமதி அலுவலகம். என் பக்கத்து மேசைக்காரன் ஷா டவ் கொக் பையன், ஹக்கா. 93-ல் அவனுக்குக் கல்யாணம். என்னைக் கூப்பிட்டான். கூப்பிட்ட கையோடு என் அடையாள அட்டையின் நகல் கேட்டான்! பத்திரிகை கொடுக்க வந்தவன் நகல் கேட்கிறானே என்று முழித்தேன். விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் அவன் வீட்டார் பெர்மிட்டுக்குப் போட வேண்டுமாம். பட்டியலில் எண்பது பேரோ என்னவோ. அவன் அம்மாதான் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்ததாகச் சொன்னான். ஒரு பெரியப்பாவின் அட்டை எண்ணில் ஒரு இலக்கம் தப்பாகி, அவர் ஷெக் சுங் அவ் செக்போஸ்டிலேயே நின்றுவிட்டார். அப்போது சோதனை அங்கேதான், ஊருக்கு ரொம்ப முன்னால். மாப்பிள்ளையே காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பன்றி வறுவல் பொட்டலமாகத்தான் போனது.

விருந்தும் சீக்கிரம் முடிந்துவிட்டது. பெண் வீட்டார் சிலர் கௌலூன்காரர்கள், மணி ஆக ஆகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரடங்குக்கு நேரம் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. பயம் அப்படி.

அவன் ஒன்று சொன்னான், இன்றும் மறக்கவில்லை. சின்ன வயதில் பள்ளித் தோழர்கள் யாரும் அவன் வீட்டுக்கு விளையாட வந்ததில்லையாம். "நான்தான் எல்லோர் வீட்டுக்கும் போவேன்" என்றான்.

எதிர்க்கேள்வி எழுதியது:

அண்ணா, கதை மனதைத் தொடுகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். அந்தத் தடை இல்லாவிட்டால் இன்று அங்கே என்ன இருந்திருக்கும்? முப்பது மாடிக் கட்டடமும் மாலும். மை போ சதுப்பு நிலம் பிழைத்ததற்குத் தடைப்பகுதியும் ஒரு காரணம், 1995-ல் அதை ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள். ஷா டவ் கொக் கடலில் ஆ சௌ தீவில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. லின் மா ஹாங் பழைய ஈயச் சுரங்கத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ஊருக்கு மேலே இருக்கும் ராபின்ஸ் நெஸ்ட் மலையை 2024 மார்ச்சில் தேசியப் பூங்கா மாதிரி ஒரு கிராமியப் பூங்காவாக்கினார்கள், அதற்கும் மலை மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? நாம் கேமராவோடு போய் "வானம் தெரிகிறது" என்று பரவசப்படுவதே அந்தப் பூட்டு தந்த வானம்தான்.

பழைய_பர்மிட் எழுதியது:

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொக்குக்காக யாரும் 1951-ல் பூட்டவில்லை. கொக்குக்குக் கிடைத்தது தற்செயல் லாபம். அந்த லாபத்துக்கு நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. கடை வைத்தால் வாடிக்கையாளர் வர முடியாது, நிலத்தை விற்கலாம் என்றால் விலை போகாது. இளைஞர்கள் இங்கிலாந்துக்குச் சமையல் வேலைக்குக் கப்பலேறினார்கள், வராமலே போனவர்கள் எத்தனையோ. என் நண்பனும் இப்போது கனடாவில் இருக்கிறான். ஊரில் மிஞ்சியது அவன் அம்மா மாதிரி வயதானவர்கள். வானத்தை அவர்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வடக்குக்கரை எழுதியது:

இதுதான் எனக்கும் உறுத்தியது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்தத் தெருவில் யார் நடப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நண்டுவறுவல், கேட்டீர்களே: மீன் உருண்டை நூடுல்ஸ், ஹக்கா தேநீர்க் கொழுக்கட்டை. 'ச்சா க்வோ' என்கிறார்கள். அரிசிமாவில் ஒரு கீரையை அரைத்துக் கலந்து, இலை மேல் வைத்து ஆவியில் வேகவைத்தது. பச்சையாக இருக்கும். உள்ளே எள், வேர்க்கடலை, சர்க்கரை. என் மகள் "இது நம் கொழுக்கட்டை, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்" என்றாள். விற்ற பாட்டியிடம் நான் காந்தனீஸில் விலை கேட்டேன், அவர் ஹக்காவில் பதில் சொன்னார், இருவரும் விரலில் கணக்குப் போட்டோம்.

ரயில்பித்து எழுதியது:

அறுபத்தேழு பற்றி யாரும் சொல்லவில்லையே?

தாத்தாவின்பேனா எழுதியது:

சொல்லத் தயங்கினேன். சரி, சுருக்கமாக. 1967-ல் ஹாங்காங்கில் இடதுசாரிக் கலவரம். எதிர்ப்பக்கம் கலாசாரப் புரட்சி. ஜூலை 8 அன்று சீனப் பக்கமிருந்து பெரும் கூட்டம் எல்லை தாண்டி வந்து ஷா டவ் கொக் போலீஸ் சாவடியை முற்றுகையிட்டது, பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஹாங்காங் போலீஸ்காரர்கள் ஐந்து பேர் செத்தார்கள். மூவர் சீனர்கள், இருவர் பாகிஸ்தானியர்கள். அந்தக் காலத்து ஹாங்காங் போலீஸில் நம் துணைக்கண்டத்து ஆட்கள் நிறைய. சாயங்காலம் கூர்க்காப் படை வந்துதான் மீதிப் பேரை மீட்டது. அதற்குப் பிறகு எல்லைக்காவலை ராணுவம் எடுத்துக்கொண்டது.

பூட்டு ஏன் இவ்வளவு இறுகியது என்று கேட்பவர்களிடம் நான் 1951-ஐ விட இந்தத் தேதியைத்தான் சொல்வேன். சட்டம் போட்டது முன்னால். பயம் ஊறியது இதில்.

இதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். எல்லைக் கோட்டின் ஓரத்திலேயே, சீனப் பக்கம், ஷா லான் ஹா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே மீன் வடிவ விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஆடும் பழைய நடனம் உண்டு, 2008-ல் சீன அரசின் தேசியக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. மீனவர் கொண்டாட்டம், கடலை வைத்து வந்த கலை. கடல் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே.

குறுக்குச்சந்து எழுதியது:

நான் ஷென்சென் பக்கமிருந்து அந்தத் தெருவுக்குள் போனவர்களிடம் கேட்டறிந்தது. (நான் போனதில்லை.) சீனாவில் இருப்பவர்களும் அதற்கென்று தனியாக அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், அதனால் பூட்டு ஒருபக்கப் பூட்டு அல்ல. எண்பதுகளில் அங்கே திருவிழாக் கூட்டமாம். ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமாகிக் கையில் நாலு காசு சேர்ந்த நேரம், சீனாவில் வெளிநாட்டுச் சரக்கு கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. இந்தச் சந்தில் ஒரு எட்டு வைத்தால் ஹாங்காங் தங்கம், கைக்கடிகாரம், நைலான் காலுறை, உடனடி நூடுல்ஸ். நகைக்கடை மேல் நகைக்கடையாக முளைத்தது. நம் பர்மா பஜாரைத் தலையில் வைத்துத் தங்கம் பூசினால் எப்படி இருக்கும், அப்படி.

2003-ல் சீன மக்கள் தனியாகவே ஹாங்காங்குக்குள் வரலாம் என்றதும் கூட்டம் நேரே கௌலூனுக்குப் போய்விட்டது. சந்து அயர்ந்தது. 2008-ல் சீனாவில் கலப்படப் பால்பவுடர் விவகாரம் வந்தபின் ஹாங்காங் பால்பவுடருக்குத் தேவை கிளம்பி, மூட்டை தூக்குபவர்களுக்கு அந்தச் சந்து மறுபடி வழியானது. 2013-ல் ஹாங்காங்கை விட்டு வெளியேறுகிறவர் இரண்டு டப்பாவுக்கு மேல் எடுத்துப் போகக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். தங்கச் சந்து பால்பவுடர்ச் சந்து ஆன கதை.

நண்டுவறுவல் எழுதியது:

பெயிண்ட் அடித்த கொழுக்கட்டை! இது ஒன்றுக்காகவே போகலாம்.

இம்பால்வழி எழுதியது:

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். இந்த இழை முழுக்க எனக்கு மோரே ஞாபகம்தான். மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கும் ஊர். 1962-ல் நெ வின் ஆட்சி வந்தபின் பர்மாவிலிருந்து கிளம்பி வந்த தமிழர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. காலையில் இட்லியும், எல்லை தாண்டி நம்பாலாங் சந்தையில் பர்மியச் சாமானும்.

அதுவும் படிப்படியாகத்தான் திறந்தது. 1995 ஏப்ரலில் முறையான எல்லை வணிகம் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசாவோடு கடக்கலாம் என்றார்கள். அப்புறம்? 2020-ல் கொரோனாவுக்கு மூடிய கதவு. 2023-ல் மணிப்பூரில் மூண்ட வன்முறையில் மோரேயும் எரிந்தது. 2024-ல் எல்லை மக்கள் தாராளமாகப் போய்வரும் ஏற்பாட்டையே நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. அந்த வருடம் டிசம்பரில் வெளிநாட்டவருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி பெர்மிட்டும் மணிப்பூருக்குத் திரும்ப வந்துவிட்டது. அதனால் 'படிப்படியாகத் திறக்கிறது' என்று யார் சொன்னாலும் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. படியில் ஏறலாம், இறங்கவும் செய்யலாம்.

தாத்தாவின்பேனா எழுதியது:

இது தடம் மாறல் இல்லை, இழையின் நடுவிலேயே இருக்கிறது. ஷா டவ் கொக்கிலும் கொரோனா சமயத்தில் சாலை வழிச் சாவடியில் பயணிகள் போக்குவரத்தை 2020 ஜனவரி கடைசியில் நிறுத்தினார்கள். ஆனால் தடைப்பகுதி விஷயத்தில் இதுவரை ஒரே திசைதான். 2008-ல், 2,800 ஹெக்டேரை 400-க்குச் சுருக்குவது என்று முடிவு செய்தார்கள். முதல் துண்டு 2012 பிப்ரவரி, இரண்டாவது 2013 ஜூன், மூன்றாவது 2016 ஜனவரி. அண்ணா சொன்ன ஷெக் சுங் அவ் செக்போஸ்ட் அந்த முதல் துண்டோடு போனது. சோதனை ஊர் வாசலுக்கு நகர்ந்தது, வழியிலிருந்த கிராமங்களெல்லாம் விடுதலை. ஊர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது.

பிறகு 2022 ஜூனில் சுற்றுலாக் குழுக்களை வார இறுதியில் படகுத்துறை வரை விட்டார்கள். அங்கிருந்து படகில் லாய் சி வோ, காட் ஓ தீவு என்று போகலாம். 2024-ல் தனி ஆட்கள். பெர்மிட்டை எடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கதவைக் கழற்றவில்லை, சாவிகளைக் கூடுதலாகச் செய்து கொடுக்கிறார்கள். அடுத்தது அந்தச் சந்துதான் என்று பேச்சு இருக்கிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

சாவி உவமை சரி. அப்படியானால் என் கவலையும் அதேதான். அந்தச் சந்தைத் திறந்தால் என்ன மிஞ்சும்? செல்ஃபி எடுக்க எட்டு எல்லைக்கல்லும், "ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே" என்று ஒரு விளம்பரப் பலகையும். சீனப் பக்கம் 1999-லேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். எல்லை போட்டதன் நினைவாக ஒவ்வொரு மார்ச் 18 அன்றும் மணி அடிக்கிறார்கள். தேசிய அவமானத்தை மறக்காதே என்பதற்கு. இந்தப் பக்கம் மீன் உருண்டை, அந்தப் பக்கம் மணி. நடுவில் குடியிருக்கும் ஆட்களிடம் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

குறுக்குச்சந்து எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று ஏன் எடுத்துக்கொள்கிறோம்? கொழுக்கட்டை விற்கும் பாட்டிக்குக் கூட்டம் வேண்டும். மரத்தடியில் சீட்டு ஆடுகிறவருக்கு வேண்டாம். அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகவே இருக்கலாம்.

வடக்குக்கரை எழுதியது:

இதற்கு என்னிடம் ஒரு சின்னச் சாட்சி உண்டு. அந்தப் பாட்டியிடம், ஹக்கா புரிந்த ஒரு பையனை வைத்துக் கேட்டேன்: ஆட்கள் வருவது நல்லதா கெட்டதா? பாட்டி சொன்னதை அவன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான். ஞாயிற்றுக்கிழமை நல்லதாம், திங்கட்கிழமை சுத்தம் செய்யும்போது கெட்டதாம். அப்புறம் அவராகவே இன்னொன்று சொன்னார். பேரன் இப்போது தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். போன மாதம் நாலு பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். நாலு என்று விரலை விரித்துக் காட்டினார்.

பழைய_பர்மிட் அண்ணா எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த நாலு விரல் எனக்குப் புரிந்தது.

பழைய_பர்மிட் எழுதியது:

இதை என் நண்பனுக்கு மொழிபெயர்த்து அனுப்பப் போகிறேன்.

ரயில்பித்து எழுதியது:

அந்தச் சந்தில் பெரிய ஆலமரம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். வேர் சீனப் பக்கம், கிளை ஹாங்காங் பக்கம். வாசலில் நின்றால் தெரிகிறதா?

வடக்குக்கரை எழுதியது:

நின்ற கோணத்தில் தெரியவில்லை. மகள் என் தோளில் ஏறிப் பார்த்து "ஏதோ பச்சையாக இருக்கிறது" என்றாள். கொழுக்கட்டை ஞாபகமாகவும் இருக்கலாம்.

நண்டுவறுவல் எழுதியது:

பெர்மிட்டுக்குப் போட்டுவிட்டேன். இந்தச் சனிக்கிழமைக்கு இடம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கிடைத்தது. அண்ணா, உங்கள் நண்பர் கல்யாண விருந்து நடந்த இடம் எது? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பழைய_பர்மிட் எழுதியது:

கடை பெயர் ஞாபகமில்லை. ஏறக்குறைய பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடலைப் பார்த்து நடந்தோம், இடப்பக்கம் மாடியில். சன்னல் வழியாக எதிர்ப்பக்கம் தெரிந்தது, அப்போது அங்கே இவ்வளவு வெளிச்சம் கிடையாது. நண்பனிடம் கேட்டு நாளைக்கு எழுதுகிறேன். அவன் அம்மா வீட்டு விலாசமும் வாங்கித் தனி மடலில் அனுப்பட்டுமா? கிழவி இருக்கிறார். கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்.